மாநில உரிமையா? மனிதனை விற்கும் உரிமையா?

1807-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகம். ஒன்றரை மாதம் கடலில் தவித்து வந்த கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்டவர்களில் ஒருவர் பெயர் உமர் இப்னு சயீத். இன்றைய செனகல் நாட்டின் ஃபூத்தா தோரோ பகுதியைச் சேர்ந்தவர். வயது முப்பத்தேழு இருக்கும். இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி கற்றவர். அரபியில் சரளமாக எழுதுவார். அந்த ஆலிமைச் சந்தையில் நிறுத்தி, பல்லைப் பார்த்து, தோளைத் தட்டி விலை பேசினார்கள்.

53 ஆண்டுகள் கழித்து அதே சார்ல்ஸ்டன் நகரில் 169 கனவான்கள் கூடினார்கள். 1860 டிசம்பர் 20. அமெரிக்க ஐக்கியத்திலிருந்து தென் கரோலினா பிரிகிறது என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை! நாலு மாதத்தில், 1861 ஏப்ரல் 12 விடியற்காலையில், அதே துறைமுகத்தின் சம்டர் கோட்டை மீது முதல் பீரங்கிக் குண்டு விழுந்தது. நாலு ஆண்டுகள் போர். செத்தவர்கள் ஆறு லட்சத்து இருபதாயிரம் என்பது பழைய கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகள் ஏழு லட்சத்தைத் தொடுகின்றன.

எதற்காக இந்தப் போர்?

இப்படிக் கேட்டால், படித்தவர்கள்கூட இன்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "அடிமைத்தனம் ஒரு சாக்குதான் சார். உண்மையில் அது மாநில உரிமைக்கான போராட்டம். வடக்கு தெற்கைச் சுரண்டியது, சுங்க வரி போட்டு நசுக்கியது, தெற்கு திமிறி எழுந்தது." தமிழ்நாட்டில் வாழும் நமக்கு 'மாநில உரிமை' என்பது காதுக்கு இனிக்கும் சொல். டெல்லியின் ஆதிக்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆகவே இந்தச் சரக்கு நம்மிடம் சுலபமாக விலை போகிறது. உறையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டாமா, சகோதரர்களே?

அவர்கள் வாக்குமூலமே சாட்சி!

பிரிந்துபோன மாநிலங்கள் ஏன் பிரிந்தோம் என்பதை மறைக்கவில்லை. தென் கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய நான்கும் காரணங்களை விளக்கி அறிக்கையே வெளியிட்டன. மிசிசிப்பியின் அறிக்கை எடுத்த எடுப்பிலேயே, எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது, உலகிலேயே மிகப் பெரிய பொருளாதார நலன் அதுதான் என்கிறது. டெக்சாஸின் அறிக்கை, இந்த அரசாங்கங்கள் வெள்ளை இனத்தால் வெள்ளை இனத்துக்காக மட்டும் ஏற்படுத்தப்பட்டவை என்கிறது.

தென் கரோலினா சொன்ன காரணத்தைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். எங்களிடமிருந்து தப்பி ஓடும் அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தர மறுக்கின்றன. அதற்குத் தடையாகத் தங்கள் சட்டமன்றங்களில் சட்டம் போடுகின்றன. நியூயார்க் வழியாக எங்கள் அடிமைகளை அழைத்துச் செல்லக்கூட விடுவதில்லை. சில மாநிலங்கள் கறுப்பர்களைக் குடிமக்களாகவே ஆக்கிவிட்டன. இவைதான் அதன் புகார்ப் பட்டியல்.

புரிகிறதா? வட மாநிலங்கள் தங்கள் சட்டமன்றத்தில் தங்களுக்கு வேண்டிய சட்டத்தைப் போட்டது குற்றமாம்! மாநில உரிமையைப் பயன்படுத்தியவன் வடக்கத்தியான். அதை நசுக்கச் சொல்லி மத்திய அரசிடம் முறையிட்டவன் தெற்கத்தியான்.

முறையிட்டதோடு விடவில்லை, சாதித்தும் காட்டினான். 1850-இல் வாஷிங்டன் நாடாளுமன்றம் 'தப்பியோடிய அடிமைகள் சட்டம்' என்ற ஒன்றை நிறைவேற்றியது. யாராவது ஒரு வெள்ளையன் ஒரு கறுப்பரைக் காட்டி "இவன் என் அடிமை" என்றால், மத்திய அரசின் ஆணையர் ஒருவர் விசாரிப்பார். ஜூரி கிடையாது. குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர் தன் தரப்பில் ஒரு வார்த்தை சாட்சி சொல்ல முடியாது. அவரை விடுதலை செய்தால் ஆணையருக்கு 5 டாலர் கட்டணம். அடிமை என்று தீர்ப்பளித்து ஒப்படைத்தால் 10 டாலர்! தீர்ப்பிலேயே கமிஷன் வைத்த சட்டத்தை நீங்கள் வேறு எங்காவது கேள்விப்பட்டதுண்டா? தப்பி வந்தவருக்குச் சோறு போட்டு மறைத்து வைத்தவருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

1854-இல் பாஸ்டன் நகரில் அந்தோணி பர்ன்ஸ் என்ற ஒரே ஒரு கறுப்பரைப் பிடித்து வர்ஜீனியாவுக்குத் திருப்பி அனுப்ப மத்திய அரசு ராணுவத்தையும் பீரங்கியையும் தெருவில் இறக்கியது. அதே காலத்தில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. இதைவிடத் தெளிவான மாநில உரிமை உண்டா? தெற்கு என்ன செய்தது? கை தட்டியதா? 1859-இல் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தபோதுதான் கை தட்டியது.

இன்னும் சந்தேகம் என்றால், பிரிந்துபோனவர்கள் தங்களுக்கென எழுதிக்கொண்ட புதிய அரசியல் சட்டத்தைப் பாருங்கள். கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைப் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது. எந்த மாநிலத்துக்குள்ளும் தன் அடிமைகளோடு போகவும் தங்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. இனிமேல் சேரும் நிலப்பரப்புகளிலும் அடிமை முறையைக் காப்பாற்றியே ஆகவேண்டும். எங்கள் எல்லைக்குள் அடிமைகளோடு வராதே என்று ஒரு மாநிலம் சொல்ல முடியாதபடி செய்துவிட்டு, மாநில உரிமைக்குப் போராடினார்களாம்!

சுங்க வரிக் கதையை ஒரு மூச்சில் முடித்துவிடலாம். 1857-இல் போடப்பட்ட வரி, தெற்கின் ஆதரவோடு குறைக்கப்பட்ட வரி. பெரிதாகப் பேசப்படும் மோரில் வரிச் சட்டம் கையெழுத்தானது 1861 மார்ச் 2-இல். அதற்கு முன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்தாகிவிட்டது. அவர்களுடைய செனட்டர்கள் நாற்காலியைக் காலி செய்துவிட்டுப் போனதால்தான் அது நிறைவேறவே முடிந்தது. பிள்ளை பிறக்கும் முன்பே அதன் பெயரில் சண்டை போட்டார்களா என்ன?

கணக்குப் புத்தகத்தைத் திறப்போம்

வியாபாரச் சகோதரர்களே! உங்களுக்கு இதைக் கணக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும்.

1793-இல் எலி விட்னி என்பவர், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் எந்திரத்தைச் செய்தார். அதற்கு முன் அமெரிக்காவில் பருத்தி விளைச்சல் சில ஆயிரம் பேல். 1860-இல் சுமார் 40 லட்சம் பேல்! அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி ஒன்றே. எந்திரம் வந்தால் உழைப்பாளியின் பாரம் குறையும் என்பார்கள். இங்கே தலைகீழ். எந்திரம் எவ்வளவு பஞ்சையும் அரைத்துத் தள்ளியது. அதற்குத் தீனி போட மேலும் மேலும் நிலம், மேலும் மேலும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

1860 மக்கள் தொகைக் கணக்கில் அடிமைகள் 39 லட்சத்து 50 ஆயிரம் பேர். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் மக்கள் தொகையில் பாதிக்கு மேல் அடிமைகளே. வயலில் உழைக்கும் திடகாத்திரமான ஒரு வாலிபனுக்கு நியூ ஆர்லியன்ஸ் சந்தையில் 1500 டாலருக்கு மேல் விலை. மொத்த அடிமைகளின் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல். அன்றைய அமெரிக்காவின் ரயில் பாதைகள், தொழிற்சாலைகள் இரண்டிலும் போட்ட முதலீட்டைக் கூட்டினாலும் இந்தத் தொகைக்கு ஈடாகாது.

அடிமை வெறும் வேலைக்காரன் அல்ல. அவன்தான் ஈடு, அவன்தான் அடமானம். நகையை வைத்துக் கடன் வாங்குவதுபோல மனிதரை வைத்துக் கடன் வாங்கினார்கள். லூசியானாவில் இருந்த இரண்டு வங்கிகள் சுமார் 13 ஆயிரம் அடிமைகளை ஈடாக ஏற்றிருந்தன என்று, பிற்காலத்தில் அவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட ஒரு மாபெரும் அமெரிக்க வங்கி 2005-இல் தானே ஒப்புக்கொண்டது. கடன் திரும்பவில்லை என்றால் தாயும் பிள்ளையும் வங்கியின் சொத்து! வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களில் புகையிலை நிலம் சத்திழந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் பயிரைவிட மனிதரை விற்பதே லாபம் என்று கண்டார்கள். அப்படி உள்நாட்டிலேயே தெற்கு நோக்கிக் கொண்டு செல்லப்பட்டவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். கணவன் ஒரு சந்தையில், மனைவி ஒரு சந்தையில்.

இந்தச் சரக்கின் விலை விழாமல் இருக்க வேண்டுமானால் புதுச் சந்தை வேண்டும். புதுச் சந்தைக்குப் புது நிலம் வேண்டும். அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்லே இல்லை. வெட்கம் இருந்திருக்கிறது! ஆனால் காரியம் இருந்தது. ஓட்டு இல்லாத அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, அந்தக் கணக்கில் எஜமானர்களுக்கு அதிகப்படியான நாடாளுமன்ற இடங்களைக் கொடுத்தது அது. விளைவு? முதல் 12 ஜனாதிபதிகளில் எட்டுப் பேர் பதவியில் இருந்தபோதே அடிமைகளை வைத்திருந்தவர்கள்.

செனட் சபையில் மாநிலத்துக்கு இரண்டு இடம். அடிமை மாநிலம் ஒன்று சேர்ந்தால் சுதந்திர மாநிலம் ஒன்று என்று தராசைச் சமமாக வைத்துப் பார்த்தார்கள். 1820-இல் மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்த்து, அதன் தெற்கு எல்லையை ஒட்டி ஒரு கோடு கிழித்து, இனி அந்தக் கோட்டை வடக்கே தாண்டாதே என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1850-இல் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாக வந்ததும் தராசு சாய்ந்தது. 1854-இல் பழைய கோட்டை அழித்தார்கள். கான்சாஸில் குடியேறியவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார்கள். இரு தரப்பும் துப்பாக்கியோடு போய் ஒருவரையொருவர் கொன்றன. 1856-இல் அடிமை முறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை செனட் சபைக்குள்ளேயே, அவர் மேசையில் உட்கார்ந்திருந்தபோது, தென் கரோலினாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கைத்தடியால் மண்டையைப் பிளந்தார். 1857-இல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமையின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கறுப்பர் அமெரிக்கக் குடிமகனே ஆக முடியாது, புதிய நிலப்பரப்புகளில் அடிமை முறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் இல்லை.

1860-இல் லிங்கன் ஜெயித்தார். அவர் சொன்னது என்ன? இருக்கிற இடத்தில் அடிமை முறையைத் தொடமாட்டேன். புது நிலத்துக்குப் பரவ விடமாட்டேன். அவ்வளவுதான்! அந்த அளவுக்குக்கூடத் தெற்கு பொறுக்கவில்லை. பரவல் நின்றால் இன்றைய 1500 டாலர் நாளை என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பத்து தென் மாநிலங்களில் மக்களிடமிருந்து அவருக்கு ஒரு ஓட்டுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் ஜனாதிபதி. தங்கள் கையை மீறி வாஷிங்டனில் ஆட்சி அமையும் காலம் வந்துவிட்டது என்று கண்டதும் பிரிந்தார்கள்.

லிங்கனை மலக்கு ஆக்க வேண்டாம்

அதற்காக வடக்கைத் தர்மத்தின் காவலனாகத் தூக்கிவைக்கவும் நாம் தயாரில்லை. நியூயார்க் வியாபாரிகள் தெற்குப் பருத்திக்குக் கடன் கொடுத்தும் காப்பீடு செய்தும் கப்பல் விட்டும் கொழுத்தவர்கள். 1861 ஜனவரியில் அந்த நகரின் மேயர் பெர்னாண்டோ வுட், நியூயார்க்கும் தனியாகப் பிரிந்துவிடலாம் என்று யோசனை சொன்னார். பருத்தி வியாபாரம் கெட்டுவிடக் கூடாதல்லவா!

லிங்கன் பதவி ஏற்பதற்கு இரண்டு நாள் முன்பு, மாநிலங்களில் உள்ள அடிமை முறையை என்றைக்கும் தொடமாட்டோம் என்று உறுதி தரும் அரசியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் பதவியேற்பு உரையிலேயே சொன்னார். ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் ஐக்கியத்தைக் காக்க முடியுமானால் அப்படியே செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினார். 1863 ஜனவரி 1-இல் வந்த விடுதலைப் பிரகடனமும் எதிரியின் பிடியில் இருந்த பகுதிகளுக்குத்தான். தன் பக்கம் இருந்த கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலாவர் அடிமைகளுக்கு அது பொருந்தாது. 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது தலைக்கு 300 டாலர் வரை நஷ்ட ஈடு கொடுத்தார்கள். யாருக்கு? முதுகில் வடு உள்ளவனுக்கா? இல்லை, சவுக்கு வைத்திருந்தவனுக்கு!

தெற்கு அடிமை முறைக்காகப் போருக்கு வந்தது. வடக்கு ஐக்கியத்துக்காக வந்தது. அதை விடுதலைப் போராக மாற்றியவர்கள் அடிமைகள்தான். போர் தொடங்கி இரண்டு மாதம்கூட முழுதாகப் போகவில்லை. 1861 மே மாதத்தில் வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் இரவில் படகேறித் தப்பி வந்தார்கள். திருப்பி அனுப்பு என்று எஜமானரின் ஆள் வந்து கேட்டான். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, எங்கள் சட்டம் உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று தளபதி பட்லர் மறுத்துவிட்டார். செய்தி பரவியது. நூறாக, ஆயிரமாக, லட்சமாக வந்தார்கள். போர் முடிவதற்குள் சுமார் இரண்டு லட்சம் கறுப்பர்கள் வடக்கின் தரைப்படையிலும் கடற்படையிலும் சேர்ந்திருந்தார்கள். யாரும் தட்டில் வைத்துக் கொடுத்த விடுதலை அல்ல அது.

தெற்கின் ஏழை வெள்ளையனையும் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான வெள்ளைக் குடும்பங்களுக்கு ஒரு அடிமைகூடக் கிடையாது. ஆனால் 1862-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு விதிவிலக்கும் வந்தது. இருபது அடிமைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் ஒரு வெள்ளையன் போருக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம்! பணக்காரன் தொடங்கிய போரில் ஏழை சண்டை போடுகிறான் என்று அவர்களே முணுமுணுத்தார்கள். பிறகு ஏன் போனான்? நீ எவ்வளவு ஏழையானாலும் கறுப்பனைவிட மேல் என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொத்து போதுமாயிருந்தது.

அந்தப் போரின் காற்று நம் கரைக்கும் அடித்தது. தெற்கின் துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் மறித்ததால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு இல்லை. பம்பாய்ப் பஞ்சின் விலை பல மடங்கு ஏறியது. நேற்றுவரை தரகராக இருந்தவர் இன்று கோடீஸ்வரர். 1865-இல் போர் முடிந்த செய்தி வந்ததும் விலை சரிந்து, வங்கிகளும் கம்பெனிகளும் வரிசையாக விழுந்தன. எங்கோ அடிமைகள் பறித்த பஞ்சுக்கும் நம் கடைத்தெருவுக்கும் சம்பந்தம் இல்லை என்று எந்த வியாபாரியும் சொல்ல முடியாது.

பொய் பிறந்த நாள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்த காரணம் எப்படி 'மாநில உரிமை' ஆனது?

அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் என்றொருவர். பிரிந்துபோன தெற்கின் துணை ஜனாதிபதி. 1861 மார்ச் 21-இல் சவானா நகரில் மேடையேறிப் பேசினார்: எங்கள் புதிய அரசின் மூலைக்கல் எது தெரியுமா? கறுப்பன் வெள்ளையனுக்குச் சமம் அல்ல, அடிமையாக இருப்பதே அவனது இயல்பான நிலை என்ற உண்மைதான். உலக சரித்திரத்திலேயே இந்த அடிப்படையில் எழுந்த முதல் அரசு எங்களுடையது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

போரில் தோற்றார்கள். ஸ்டீபன்ஸ் சில மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து 1868-இலும் 1870-இலும் இரண்டு பெரிய பாகங்களாக ஒரு புத்தகம் எழுதினார். அதில் என்ன சொன்னார்? போர் அடிமை முறைக்காக நடக்கவில்லையாம், அரசியல் சட்டக் கொள்கைக்காக நடந்ததாம்! அதே வாய்! அவருடைய ஜனாதிபதி ஜெபர்சன் டேவிசும் 1881-இல் அதே பல்லவியைப் பாடினார். தோற்றவன் வெட்கத்தை மறைக்கப் போட்ட போர்வை அது. 1894-இல் தொடங்கிய தென்னகப் பெண்கள் சங்கம் ஒன்று அந்தப் போர்வையைப் பாடப் புத்தகம்வரை கொண்டுபோனது. அதன் வரலாற்றுத் தலைவியாக இருந்த மில்ட்ரெட் ரதர்போர்ட், தெற்கு அடிமைகளுக்காகப் போரிட்டது என்று சொல்லும் புத்தகத்தைப் பள்ளிகள் நிராகரிக்க வேண்டும் என்று விதி எழுதிப் புத்தகமாகவே வெளியிட்டார். டெக்சாஸ் மாநிலப் பாடத்திட்டத்தில் போரின் காரணங்களில் அடிமை முறையை மையமான இடத்துக்குக் கொண்டுவர 2018 ஆகவேண்டியிருந்தது!

அடிமைகள் நன்றாகத்தான் நடத்தப்பட்டார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள் என்பதும் அந்தப் பாடப் புத்தகங்களின் பாட்டுதான். இதைக் கேட்டு நாம் கொதிக்கிறோம். சகோதரா, கொஞ்சம் பொறு! ஜான்ஸிபார் அடிமைச் சந்தை 1873 வரை நடந்தது. அங்கே விற்றவர்களிலும் வாங்கியவர்களிலும் கலிமா சொன்னவர்கள் இருந்தார்கள். சவூதி அரேபியாவில் அடிமை முறை ஒழிந்தது 1962-இல், மௌரிதானியாவில் 1981-இல். அடிமையை விடுதலை செய்வது எத்தனை பெரிய நன்மை என்று பிலால் (ரலி) வரலாற்றோடு மேடையில் முழங்குகிற நாம், இந்தப் பேச்சு வந்தால் மட்டும் "நம்மவர்கள் நன்றாகத்தான் நடத்தினார்கள்" என்று நழுவுகிறோம். ஸ்டீபன்ஸின் போர்வை நம் தோளில் கிடக்கலாமா?

அந்த ஸ்டீபன்ஸ் மீண்டும் நாடாளுமன்றம் போனார். 1882-இல் ஜார்ஜியாவின் கவர்னர் ஆனார். பதவியிலேயே இறந்தார். 1927-இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

உமர் இப்னு சயீத் முதல் எஜமானின் கொடுமை தாளாமல் ஓடினார். பிடிபட்டார். சிறைச் சுவரில் கரித்துண்டால் அரபியில் எழுதினார் என்று அக்காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன. வட கரோலினாவில் இன்னொரு எஜமானுக்குக் கைமாறினார். 1831-இல் தன் வாழ்க்கையைச் சில பக்கங்களில் அரபியில் எழுதி வைத்தார். போர் முடியும் முன்பே, தொண்ணூறு வயதைத் தாண்டி, அடிமையாகவே மாண்டார். அவர் எழுதிய ஏடுகள் பல கைகள் மாறி 2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. தன் பெயரையும் ஊரையும் சொல்வதற்கு முன், எடுத்தவுடன் அவர் எழுதியிருப்பது ஸூரத்துல் முல்க். ஆட்சியும் உடைமையும் யாருக்குச் சொந்தம் என்று தொடங்கும் அத்தியாயம்.